மனையில் மரம் நிற்கிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் வீடு கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

தருமபுரியில் பென்னாகரம் சாலைப் பக்கம் நாங்கள் வீடு கட்டி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. மனை 40க்கு 60. உள்ளே வடமேற்கு மூலையில் ஒரு வேப்ப மரம். வெளியே, கேட் வைக்க நினைத்த இடத்துக்கு நேர் எதிரே சாலை ஓரத்தில் ஒரு பெரிய புளிய மரம். இந்த இரண்டு மரங்களுக்காக ஐந்து அலுவலகம் ஏறி இறங்கினேன். நான்கு மாதம் போனது. அதில் பாதிக்கு மேல், யாரிடம் போக வேண்டும் என்று தெரியாமல் தவறான வாசலில் நின்ற நாட்கள். வேம்பை வெட்டாமல் காப்பாற்றினோம் என்று நிம்மதியாக இருந்தபோது அது கண்ணெதிரே காயத் தொடங்கியது. அதற்கும் காரணம் எங்கள் கட்டட வேலைதான்.

நீங்கள் இப்போதுதான் மனை வாங்கியிருக்கிறீர்கள், அதில் மரம் நிற்கிறது என்றால், இன்ஜினியரிடம் வரைபடம் கேட்பதற்கு முன்னாலேயே இதைப் படித்துவிடுங்கள்.

1. மரம் நிற்கும் இடம் யாருடையது என்று முதலில் பாருங்கள்

மரம் எந்த நிலத்தில் நிற்கிறதோ, அதை வைத்துத்தான் மற்ற எல்லாமே. யாரிடம் மனு கொடுப்பது, கொடுக்கத்தான் வேண்டுமா, வெட்டினால் கட்டை யாருக்குப் போகும் என்று ஒவ்வொன்றும் இதிலிருந்துதான் வரும்.

தமிழ்நாடு அரசின் இ-சேவை நிலப் பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, புலப்படம் (மனையின் எல்லை அளவுகள் உள்ள சர்வே வரைபடம்), அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்ற கணக்கு) எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். மூன்றையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சர்வே எண்ணுக்கும் அ-பதிவேடு எடுங்கள். உங்கள் மனைக்கு அடுத்தது சாலைப் புறம்போக்கா, ஓடைப் புறம்போக்கா, நத்தமா, தனியார் பட்டாவா என்பது அதில் தெரியும்.

மரம் எல்லையில் நின்றால் கண் அளவை நம்ப வேண்டாம். தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். எங்கள் புளிய மரம் எங்கள் இடத்தில்தான் இருக்கிறது என்று மனையை விற்றவர் சொல்லியிருந்தார். சர்வேயர் வந்து மரத்தடியில் மண்ணைக் கொத்திப் பார்த்தபோது, ஒரு வேரின் மடிப்புக்குள் பழைய எல்லைக் கல் புதைந்து கிடந்தது. மரத்தின் தூர் கல்லுக்கு அந்தப் பக்கம், முழுக்கச் சாலைப் புறம்போக்கில் இருந்தது. அன்றைக்கு அளக்காமல் அறுத்திருந்தால், அரசு மரத்தை வெட்டிய வழக்கு எங்கள் பேரில் வந்திருக்கும்.

இரண்டு இடங்களில் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஒன்று, அங்கீகரித்த லேஅவுட்டின் உள்சாலையிலும் பூங்கா இடத்திலும் நிற்கும் மரம். அந்தச் சாலையையும் பூங்காவையும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் லேஅவுட்டுக்கு இறுதி அனுமதி வரும். அதன் பிறகு அங்கே இருக்கும் மரம் லேஅவுட் போட்டவருடையது அல்ல. "நீங்களே எடுத்துக்கோங்க, நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னால், அவர் பார்த்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

இன்னொன்று 2சி பட்டா. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்க ஒருவருக்குக் கொடுக்கும் மரப்பட்டா அது. புளி அதிகம் உள்ள நம் பக்கத்து ஊர்களில் இதை விசாரிக்காமல் நகர வேண்டாம். விஏஓவிடம் 2சி கணக்கில் அந்த மரம் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். நிலம் அரசுடையதாக இருந்தாலும் காய் ஒரு பாட்டியுடையதாக இருக்கலாம்.

2. வரைபடம் போடுவதற்கு முன் மரத்தை அளந்து குறியுங்கள்

இதை நான் பின்னால் செய்தேன். அதனால் 4,000 ரூபாய் போனது. எங்கள் இன்ஜினியர் போட்ட முதல் வரைபடத்தில் சமையலறை வேம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அவர் மேல் குற்றமில்லை. வெறும் அளவை மட்டும் எழுதி அனுப்பியிருந்தோம், அவரும் காலி மனை என்று நினைத்து வரைந்துவிட்டார். திரும்ப வரைய வைத்ததற்குத்தான் அந்தப் பணம்.

ஒரு டேப், ஒரு நோட்டு போதும். தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், மரத்தின் சுற்றளவை அளந்து எழுதுங்கள். வனத்துறையும் இந்த உயரத்தில்தான் அளக்கும். இரண்டு எல்லையிலிருந்து மரத்துக்கு எத்தனை அடி, கிளை எந்தப் பக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது, கீழ்க் கிளை எத்தனை அடி உயரத்தில் பிரிகிறது என்று குறியுங்கள். நான்கு பக்கமும் நின்று தேதி விழும்படி போட்டோ எடுங்கள். இந்தப் போட்டோ பின்னால் மனு கொடுக்கும்போதும் உதவும், பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு வந்தாலும் உதவும்.

2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம், முதல் தளம் வீடு கட்ட சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. வேலை சுலபமாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் அனுமதிக்கு முன் யாரும் மனையை வந்து பார்ப்பதில்லை. மரம் இருக்கிறதா என்று எங்களை ஒருவரும் கேட்கவும் இல்லை. அதனால் அனுமதி வந்துவிட்டது என்பதை மரத்தை எடுக்கக் கொடுத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டட அனுமதி கட்டடத்துக்கு மட்டும்தான்.

3. மரம் உங்கள் பட்டாவுக்குள் இருந்தால்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மனை வாங்கும் பெங்களூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "இங்கே மர அலுவலர் யார்?" கர்நாடகத்தில் 1976ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி அப்படி ஒரு பதவி உண்டு, சொந்த நிலத்து மரத்துக்கும் அவரிடம் போக வேண்டும். அத்திப்பள்ளி தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் அந்தச் சட்டம் கிடையாது. நம் சமவெளியில் சொந்தப் பட்டாவில் நிற்கும் சாதாரண வேம்பு, புங்கன், மா போன்றவற்றுக்கு அதுபோன்ற பொதுவான மரச் சட்டம் இல்லை. அதற்காகக் கோடாலியைத் தூக்கிவிட வேண்டாம். கீழே சொல்லும் ஐந்தையும் பார்த்துவிடுங்கள்.

சந்தனம். உங்கள் பட்டாவில் தானாக முளைத்திருந்தாலும் நீங்கள் வெட்டக் கூடாது. வனத்துறைக்கு எழுத்தாகத் தகவல் கொடுக்க வேண்டும், அவர்கள்தான் எடுப்பார்கள். அரூர், பாலக்கோடு, அஞ்செட்டி பக்கம் மலையடிவார மனைகளில் புதருக்குள் சந்தனக் கன்று நிற்பது புதிதல்ல. அடையாளம் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிவந்து காட்டிய பிறகே இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

மலை ஊர். சித்தேரி, வத்தல்மலை போன்ற இடங்களில் மனை என்றால், 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கிராமத்துக்குப் பொருந்துமா என்று வனத்துறையில் கேளுங்கள். பொருந்தினால் சொந்த மரத்துக்கும் முன்அனுமதி வேண்டும்.

கூடு. வெட்டுவதற்கு முந்தின வாரம் காலையிலும் மாலையிலும் மரத்தை நின்று பாருங்கள். பொந்தில் கிளி, மைனா குஞ்சு இருந்தால் வேலையைத் தள்ளிவையுங்கள். பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையோடு சேர்த்துச் சொல்லப்பட்ட விஷயம்.

மாங்காய்க் குத்தகை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புது லேஅவுட் நிறைய மாந்தோப்பில்தான் வருகிறது. காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அப்புறம் மனையாகப் பிரித்து விற்பவர்கள் உண்டு. கிரயத்துக்கு முன்பே குத்தகை இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் காய் இறக்கும் தேதியை எழுதி வாங்குங்கள்.

பெரிய கட்டடம். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுகிறவர்கள் 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி தனி அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிகளில் 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம், வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்து மரம் என்ற நிபந்தனை வழக்கமாக வரும். அடுக்குமாடியில் வீடு வாங்கப்போகிறீர்கள் என்றால் இந்த அனுமதியின் நகலை விற்பவரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

4. மரம் அரசு இடத்தில் இருந்தால்

நான்கு மாதம் எனக்கு இங்கேதான் போனது.

அரசு நிலத்து மரங்களை வெட்டுவதை முறைப்படுத்த மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழு இருக்கிறது. மாவட்டக் குழுவுக்குக் கலெக்டர் தலைவர். உங்கள் மனு எந்த வாசலில் நுழைந்தாலும் இந்தக் குழுவைத் தொட்டுத்தான் போகும். ஆனால் எந்த வாசல் என்பது முக்கியம். நகராட்சித் தெருவில் நிற்கும் மரம் என்றால் நகராட்சி ஆணையர். மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை என்றால் அந்த ஆணையத்தின் திட்ட அலுவலகம். மற்ற புறம்போக்கு என்றால் தாசில்தார் வழியாக ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். நான் மூன்றாவது முறைதான் சரியான இடத்துக்குப் போனேன். முதல் அலுவலகத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், "இது எங்களுடையது இல்லை" என்று சொன்னது ஆறு வாரம் கழித்து.

மனுவோடு நான் கடைசியாகக் கொடுத்தவை: பட்டா நகல், கிரயப் பத்திர நகல், புலப்படத்தில் மரத்தைச் சிவப்பு மையில் குறித்த பிரதி, சர்வேயர் அளந்த அறிக்கை, நான்கு போட்டோ, கட்டட அனுமதி, ஆதார் நகல், எந்தக் காரணத்துக்காகக் கேட்கிறேன் என்று ஒரு பக்கக் கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனுதான். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த ரசீதின் நகலை இணைத்துக் கொடுக்கலாம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் "என் மனு இப்போது யாரிடம் இருக்கிறது" என்று கேட்டாலும் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

மனு ஏற்கப்பட்டால், இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார்கள், வனத்துறை மரத்துக்கு மதிப்புப் போடும், குழு முடிவெடுக்கும், அப்புறம் ஏலம். ஏலம் எடுத்தவர்தான் வெட்டுவார். கட்டை உங்களுக்கு வராது. "மரத்தை நானே எடுத்துக்கிட்டு பணம் கட்டிடறேன்" என்ற பேச்சே வேண்டாம்.

புளிய மரத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. சாலையோரப் புளிய மரங்களின் மகசூலைத் துறைகளே ஏலம் விடுகின்றன. தை, மாசியில் உலுக்கத் தொடங்குவார்கள். எங்கள் மரம் அந்த வருஷ ஏலத்தில் இருந்தது. எடுத்தவர் பழம் இறக்கி முடியும் வரை யாரும் கை வைக்க முடியாது என்று பிப்ரவரியில் எனக்குத் தெரிந்தது. மனு கொடுத்தது அக்டோபரில். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை மேஸ்திரி கையில் நூலோடு சாலையில் நின்று பார்த்தார். "அக்கா, கேட்டை எட்டடி தள்ளி வெச்சா கார் நேரா உள்ள போயிடும். எதுக்கு இந்த மரத்தோட மல்லுக்கட்டறீங்க?" என்றார். எட்டடி! வராந்தாவின் படியை மட்டும் திருப்ப வேண்டியிருந்தது. கூடுதல் செலவு 11,000 ரூபாய். மறுநாளே மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று அந்தப் புளிய மரத்து நிழலில்தான் எங்கள் வண்டி நிற்கிறது.

அதனால் அரசு மரம் என்றால் மனு எழுதுவதற்கு முன் கேட், போர்வெல், செப்டிக் டேங்க், மின் கம்ப வயர் எதையாவது நகர்த்த முடியுமா என்று மேஸ்திரியையும் இன்ஜினியரையும் மனையிலேயே நிற்கவைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள். கிளை மட்டும்தான் இடைஞ்சல் என்றால் கிளை கழிக்க மட்டும் அனுமதி கேளுங்கள். அதுவும் எழுத்தாகத்தான்.

5. நிற்கப்போகும் மரத்தைக் கட்டட வேலையிலிருந்து காப்பாற்றுங்கள்

வேம்பை விட்டுவைத்து வீட்டைக் கிழக்கே தள்ளி வரைந்தோம். மரத்துக்கும் கடக்காலுக்கும் ஒன்பது அடி. போதும் என்று நினைத்தேன். ஏப்ரலில் எல்லா வேம்பும் துளிர்த்துப் பூத்து நின்றபோது எங்கள் மரத்தில் கிழக்குப் பக்கக் கிளைகள் மட்டும்தான் துளிர்த்தன. மேற்குப் பக்கம் கிளை நுனியை ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது, உள்ளே பச்சையே இல்லை.

காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் மாமனார் வந்து பார்த்தார். மேற்குப் பக்கத் தூரை ஒட்டி இரண்டு யூனிட் எம்சாண்ட் கொட்டியிருந்தோம். நிழலாக இருக்கிறது என்று கலவை மெஷினையும் அங்கேதான் கழுவினார்கள். அவர் மணலைக் கையால் தள்ளிவிட்டு, அடியில் அப்பளம் போல இறுகியிருந்த சிமெண்டுப் படிவை ஒரு துண்டு பெயர்த்து என்னிடம் கொடுத்தார். "ஏம்மா, கழுத்து வரைக்கும் மண்ணக் கொட்டி மேல சிமெண்டுத் தண்ணி ஊத்தினா எந்த மரம் மூச்சு விடும்?" என்றார்.

மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் பலரும் நினைக்கிறோம். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கும், அதுவும் கிளை விரிவைத் தாண்டி வெளியே வரை. அவற்றுக்குக் காற்று வேண்டும். மண் கொட்டினால் காற்று போய்விடும். லாரி ஏறினால் மண் இறுகிவிடும். சிமெண்டுத் தண்ணீர் மண்ணைச் சுண்ணாம்பாக்கிவிடும். இந்த மூன்றில் எது நடந்தாலும் மரம் உடனே காட்டாது. ஆறு மாதமோ இரண்டு வருஷமோ கழித்துக் காயும்போது காரணம் நமக்கு மறந்திருக்கும்.

எனவே முதல் லாரி வருவதற்கு முன்பே வேலி போடுங்கள். எவ்வளவு தூரத்தில்? நீங்கள் அளந்த சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் தண்டின் குறுக்களவு. அதன் 12 மடங்கு தூரம் மரத்தைச் சுற்றி விட்டால் நல்லது. எங்கள் வேம்புக்குச் சுற்றளவு நான்கரை அடி, குறுக்களவு ஏறக்குறைய ஒன்றரை அடி, அப்படியானால் 17 அடி விட்டிருக்க வேண்டும். சின்ன மனையில் அது முடியாது என்பது எனக்கும் தெரியும். முடியாவிட்டால் கிளை நிழல் விழும் வட்டத்தையாவது விடுங்கள். நான்கு சவுக்குக் கம்பு, பழைய பச்சை வலை போதும், எனக்குப் பின்னால் ஆன செலவு 900 ரூபாய்தான்.

இடம் சுத்தம் செய்ய ஜேசிபி வரும் நாளில் நீங்கள் கட்டாயம் மனையில் நில்லுங்கள். ஓட்டுநருக்கு மணிக் கணக்குதான் தெரியும். மரத்தில் சிவப்புத் துணி கட்டி, "இந்த வேலிக்குள் பக்கெட்டும் வரக் கூடாது, டயரும் வரக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.

காம்பவுண்டு சுவர் மரத்தருகே போனால் நீளமாகக் கடக்கால் தோண்ட வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் இரண்டு தூண் நிறுத்தி, தரைக்கு மேலே கான்கிரீட் பெல்ட் ஓட்டி அதன்மேல் சுவர் எழுப்பச் சொல்லுங்கள். கை மொத்தத்துக்கு மேல் வேர் குறுக்கே வந்தால் அறுக்காமல் தூணை ஒரு அடி நகர்த்துங்கள். சிறு வேரை அறுக்கத்தான் வேண்டும் என்றால் ஜேசிபியால் இழுக்காமல் ரம்பத்தால் நேராக அறுங்கள். பிய்ந்த வேர் அழுகும்.

முற்றத்துக்கு டைல்ஸ், கான்கிரீட் போடும்போது தூரை ஒட்டிக் கொண்டுபோய் அடைக்காதீர்கள். தெருமட்டத்துக்கு மண் நிரப்பும்போதும் இதே கவனம் வேண்டும். தூர் தரையைத் தொடும் இடத்தில் அகன்று விரியும் பகுதி எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மரம் மின் கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்குகிறது என்றால் மண் அதிகம் என்று அர்த்தம்.

எங்கள் மரத்துக்கு மணலை முழுக்க அள்ளினோம். சிமெண்டு இறங்கிய மேல் மண்ணை அரை அடி கையால் சுரண்டி எடுத்தோம், மண்வெட்டி போட்டால் வேர் போய்விடும். மக்கிய சாணமும் காய்ந்த இலையும் பரப்பி, தூரில் ஊற்றாமல் கிளை நுனிக்கு நேர்கீழே வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டோம். காய்ந்த கிளைகளை மட்டும் கழித்தோம். ஆவணி மழைக்குப் பிறகு மேற்குப் பக்கத்தில் பழைய கிளையின் கணுவிலிருந்து செம்பு நிறத்தில் துளிர் வந்தது.

6. பிடுங்கி நடலாமா?

எல்லா மரமும் பிழைக்காது. அரச மரம், ஆல், அத்தி வகை நன்றாக ஒட்டிக்கொள்ளும். நடுத்தர வயது வேம்பு, புங்கன் முயற்சி செய்யலாம். முதிர்ந்த புளியைப் பிடுங்கி நடுவதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

தண்டின் குறுக்களவைப் போல எட்டு முதல் பத்து மடங்கு அகலத்துக்கு மண்ணோடு எடுக்க வேண்டும். அதற்குக் கிரேன், லாரி, ஆட்கள், கோணி எல்லாம் வேண்டும். ஒரே நாளில் தோண்டித் தூக்குவது தவறு. இரண்டு, மூன்று மாதம் முன்பே ஒரு பக்கமாகப் பள்ளம் எடுத்து வேரை அறுத்து, மண் மூடி, புது வேர் விட்ட பிறகு அடுத்த பக்கம். நம் மாவட்டங்களில் மழை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூடுதலாகப் பெய்யும். சித்திரையில் பள்ளம் எடுக்கத் தொடங்கி ஆடி, ஆவணியில் நட்டால் மழையில் பிடிக்கும். கோடையில் நகர்த்தினால் பணமும் போகும், மரமும் போகும். நட்ட பிறகு இரண்டு வருஷம் தண்ணீர் விட ஆள் இல்லை என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

7. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

மின் வயர் அருகில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. ஆள் ஏறுவதற்கு முன் கூலியையும், கட்டை யாருக்கு என்பதையும், தூரைத் தோண்டி எடுப்பது சேர்த்தா இல்லையா என்பதையும் பேசி எழுதிவிடுங்கள். தூர் எடுக்கத் தனியாக ஜேசிபி வரவேண்டியிருக்கும்.

கட்டையை லாரியில் ஏற்றுவதற்கு முன் ரேஞ்சர் அலுவலகம் போங்கள். 1968ஆம் வருஷத்து விதிப்படி சில வகை மரங்களுக்கு வழிச்சீட்டு வேண்டும், சிலவற்றுக்கு விலக்கு உண்டு. தேக்கு போன்ற விலை மரம் என்றால் கேட்காமல் நகர்த்தவே வேண்டாம். பட்டா நகலும் வெட்டுவதற்கு முன் எடுத்த போட்டோவும் கையில் இருக்கட்டும். ஓசூர் வழியாகக் கர்நாடகம் போகும் லாரி என்றால் இன்னும் கவனம்.

8. விதியையே மாற்றக் கேளுங்கள்

நான் பட்ட பாட்டில் பாதி, மனை அனுமதி கேட்கும் இடத்திலேயே மரத்தைப் பற்றி ஒரு கேள்வி இருந்திருந்தால் வந்திருக்காது. கட்டடங்களுக்கான விதி 2019ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதை மாற்றுவது அரசின் கையில் இருக்கிறது, நகராட்சி தனியாக மாற்ற முடியாது. ஆனால் நகர்மன்றம் தீர்மானம் போட்டு அரசைக் கேட்கலாம். ஊராட்சி என்றால் கிராம சபை தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதி, ஒரு வாரம் முன்பே தலைவரிடமும் செயலரிடமும் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது பதிவேட்டில் ஏறாமல் போகலாம். முடிந்ததும் தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள்.

"மரங்களைக் காக்க வேண்டும்" என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். செய்யக்கூடியதைக் கேளுங்கள். எங்கள் பகுதியில் நாங்கள் பன்னிரண்டு குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவில் நான்கு கேட்டிருக்கிறோம். மூன்று அடி சுற்றளவுக்கு மேல் உள்ள மரம் எதுவானாலும் மனை வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதன் போட்டோ விண்ணப்பத்தோடு ஏற வேண்டும். லேஅவுட்டுக்கு மண் வேலை தொடங்கும் முன் நிற்கப்போகும் மரங்களுக்கு வேலி போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டிய மரத்துக்கு ஈடாக நடும் கன்றை இரண்டாம் வருஷம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாலாவதைத்தான் நான் விடாமல் கேட்பேன். நடும் நாளில் போட்டோ எடுக்கிறார்கள். கோடையில் யாரும் போவதில்லை.

லேஅவுட்டுக்கு ஒரு விஷயம். 3,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள லேஅவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணம் கட்டலாம், அதற்கு மேல் இடமாகவே கொடுக்க வேண்டும். பழைய தோப்பில் லேஅவுட் வரும்போது, பெரிய மரங்கள் நிற்கும் மூலையையே அந்த 10 சதவீதமாக ஒதுக்கச் சொல்லி நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். லேஅவுட் போடுகிறவருக்கும் இதில் நஷ்டம் கிடையாது, எப்படியும் அந்த அளவு இடம் விட்டாக வேண்டும். ஆனால் வரைபடம் அனுமதியாகும் முன் கொடுக்க வேண்டும். ஜேசிபி இறங்கிய பிறகு கொடுத்த மனுவை அவர்கள் படிக்கும்போது அங்கே மரம் இருக்காது.

எங்கள் மனுவுக்கு முத்திரை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. தகவல் உரிமை விண்ணப்பம் போன வாரம் போட்டிருக்கிறேன். அந்த மனுவில் கேட்ட நான்கு வரிகளையும் அப்படியே எடுத்து உங்கள் ஊர் பெயர் போட்டுக் கொடுங்கள், ஒரே கேள்வி பல ஊரிலிருந்து போனால் பார்ப்பவர்களுக்கும் எடையாக இருக்கும்.